பேண்டில் 60 கிலோ என்றால் பார்பெல்லிலும் 60 கிலோவா?

வீட்டில் ரெசிஸ்டன்ஸ் பேண்டில் (இழுத்துப் பயிற்சி செய்யும் ரப்பர் பட்டை) 60 கிலோ ஸ்குவாட், அதாவது எடையோடு உட்கார்ந்து எழும் பயிற்சி, போடுவதாகவும், ஜிம்மில் சேர்ந்ததும் பார்பெல்லில் (இரு முனையிலும் எடை மாட்டும் நீள இரும்புக் கம்பி) அதே எடையில் ஆரம்பிக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். இதே கணக்கைப் போட்டுத்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

எட்டு மாதம் பேண்ட் மட்டும்தான். தடிமனான ஒன்று, மேலே 60 கிலோ என்று அச்சடித்திருக்கும். ஒரு முனையைக் காலால் மிதித்துக்கொண்டு மறுமுனையைத் தோளில் மாட்டினால் 15 தடவை உட்கார்ந்து எழுவேன். அந்தத் தெம்பில், ஜிம்முக்குப் போன முதல் நாளே 20 கிலோ பாரில் பக்கத்துக்கு ஒரு 20 கிலோ பிளேட்டை (எடைத் தட்டு) மாட்டினேன். பாரைத் தாங்கும் ரேக்கிலிருந்து எடுத்தபோது இவ்வளவுதானா என்று இருந்தது. இறங்கினேன். தொடை தரைக்கு இணையாக வந்ததும் அவ்வளவுதான், எழ முடியவில்லை. முட்டி உள்பக்கம் மடங்குகிறது, மூச்சு முட்டுகிறது. எழ முடியாவிட்டால் பாரைத் தாங்கிக்கொள்ளும் சேஃப்டி கம்பியில் பாரைப் போட்டுவிட்டுத் தவழ்ந்து வெளியே வந்தேன். அந்தச் சத்தத்துக்கு ஜிம்மே திரும்பிப் பார்த்தது.

பிறகுதான் யோசித்தேன். பேண்ட் இழுக்க இழுக்கத்தான் இறுகும். கீழே உட்கார்ந்திருக்கும்போது தோளில் தொளதொளவென்று கிடக்கும். நிமிர்ந்த பிறகுதான் முழு இழுப்பு. ஸ்குவாட்டில் நமக்குக் கஷ்டமே கீழேதான். ஆக, எங்கே பலம் வேண்டுமோ அங்கே எட்டு மாதமாக நான் உழைக்கவே இல்லை. இரும்புக்கு இந்த இரக்கமெல்லாம் கிடையாது, மேலே 60 என்றால் கீழேயும் 60. சாயாமல் பிடிக்கிற வேலை வேறு. பேண்டில் போட்டிருந்த 60 எவ்வளவு நீளம் இழுத்தால் வரும் என்று எங்குமே எழுதவில்லை.

மெஷின் எண்ணையும் நம்பாதீர்கள். கப்பி வழியாகக் கயிற்றை இழுத்து எடை தூக்கும் கேபிள் மெஷினில், கப்பி அமைப்பைப் பொறுத்து, எடையைத் தேர்ந்தெடுக்கும் பின்னை 50 கிலோவில் செருகினாலும் கைக்கு 25 கிலோதான் வரலாம். இன்னொரு மெஷினில் அதே 50 முழுசாக இழுக்கும்.

உடனே 'பேண்டில் பலமே வராதா' என்று சண்டைக்கு வராதீர்கள். வரும், எனக்கும் வந்தது. ஆனால் எதில் பழகுகிறோமோ அதில்தான் அதிகம் வரும். ரோயிங் (எடையை உடம்பை நோக்கி இழுக்கும் பயிற்சி) போடும்போது கடைசி இழுப்புதான் கஷ்டம், பேண்டும் அங்கேதான் முறைக்கும். அதற்கு பேண்ட் அருமை.

   

சரி, நீங்கள் வெறும் பாரில் ஆரம்பியுங்கள். கீழே ஒரு நொடி நின்று எழுங்கள். தடுமாறாமல் 10 வந்தால் அப்புறம் சின்ன பிளேட். நான் 60-ஐத் தொட மூன்று மாதம் ஆனது. பழைய பேண்டைத் தூக்கிப்போடவில்லை. இப்போது பிளேட்டோடு சேர்த்து 40 கிலோ பாரின் இரு முனையிலும் பக்கத்துக்கு ஒரு பேண்டைக் கட்டி, அதன் மறுமுனையைக் கீழே மாட்டிவிடுகிறேன். கீழே இரும்பு அமுக்குகிறது, பாதி எழுந்ததும் சுலபமாகிவிட்டது என்று மெத்தனமாக விட்டால் பேண்ட் பிடித்து இழுக்கிறது.