பூட்டனாரின் ரிவால்வருக்கு என்ன விலை?

களுவாஞ்சிகுடி வாசகர் ஒருவரின் கேள்வி: அம்மாவுக்குச் சீதனமாகக் கிடைத்த வீட்டின் ஓட்டைப் பிரித்தபோது, பரணில் இருந்த தகரப் பெட்டியில் ஒரு ரிவால்வர் கிடைத்தது. ‘வெப்லி மார்க் 6’ என்றும் ‘1917’ என்றும் அதில் பொறித்திருக்கிறது. பூட்டனார் வன்னிமையாக, அதாவது அக்காலத்து ஊர்த் தலைமை அதிகாரியாக, இருந்தவர். கனடாவில் இருக்கும் அண்ணன் படம் அனுப்பச் சொல்கிறார். கொழும்பில் ஒருவர் வாங்கக் காத்திருக்கிறார். நூறு வருடம் கடந்த பொருளுக்கும் அனுமதிப்பத்திரம் வேண்டுமா? என்ன விலைக்குப் போகும்?

பதில்: வேண்டும். விலையைப் பற்றி யாருடனும் இன்னும் ஒரு வார்த்தைகூடப் பேசாதீர்கள்.

நூறு வருடக் கணக்கு உங்களைக் காப்பாற்றாது. நமது இலங்கையின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முற்பட்டவற்றைத்தான் தொல்பொருளாகக் கொள்கிறது. அண்ணன் இணையத்தில் பார்த்திருக்கக்கூடிய அமெரிக்கச் சலுகையோ, 1898இலும் அதற்கு முன்னரும் செய்யப்பட்ட துப்பாக்கிகளுக்கு உரியது. உங்கள் கையில் இருப்பது 1917இல் செய்தது. இங்கே அதைக் கட்டுப்படுத்துவது 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுபடைக்கலன்கள் கட்டளைச் சட்டம். 1996இல் அதன் தண்டனைகள் மேலும் கடுமையாக்கப்பட்டன. துருப்பிடித்தது, குண்டு இல்லாதது என்ற வாதங்களை நம்பி யாரும் வீட்டில் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது.

வயது பற்றிய உங்கள் ஆவல் எனக்குப் புரிகிறது. மார்க் 6, பிரித்தானிய இராணுவம் 1915இல் ஏற்ற 0.455 அங்குல ரகம். வெப்லி நிறுவனம் 1921 வரை செய்தது. பிறகு 1926 வரை என்ஃபீல்ட் தொழிற்சாலை செய்தது. அகன்ற அம்புக்குறி ஒன்று இருந்தால் அது அரச உடைமையாக இருந்தது என்று பொருள். இரண்டு அம்புகள் முனையோடு முனை பார்த்தால், இராணுவம் அதை முறைப்படி வெளியே விற்றுவிட்டது. சேகரிப்பாளர்கள் சட்டகம், குழல், குண்டு நிரப்பும் உருளை மூன்றிலும் ஒரே இலக்கம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அமெரிக்க 0.45 அங்குல ரவைக்காக (குண்டுக்காக) உருளையின் பின்புறத்தைச் சீவியிருந்தாலும், புதிதாக மெருகேற்றியிருந்தாலும் மதிப்பு இறங்கிவிடும்.

ஆனால் இவையெல்லாம் வெளிநாட்டுச் சந்தையின் கணக்கு. இங்கே அனுமதி இல்லாதவர் விற்பதும் வாங்குவதும் குற்றம். அந்தக் கொழும்புக்காரரும் உங்களோடு சேர்ந்து மாட்டுவார்.

இனி அந்தக் குறிகளைத் தேடி அதைக் கையில் எடுக்காதீர்கள். உள்ளே ரவை இருக்கிறது என்றே நினைத்துக்கொள்ளுங்கள். பூட்டனாரின் பழைய காணி உறுதிகளோடு அனுமதிப்பத்திரம் ஏதும் கிடக்கிறதா என்று மட்டும் தேடுங்கள். பிறகு ஒரு சட்டத்தரணி மூலம் பொலிஸ் நிலையத்துக்கு அறிவித்து, அவர்களையே வந்து எடுத்துச் செல்லச் சொல்லுங்கள். நீங்கள் பஸ்ஸிலோ மோட்டார் சைக்கிளிலோ கொண்டுபோகக் கூடாது. எப்போது, எங்கே, யார் முன்னிலையில் கிடைத்தது என்பதை இலக்கத்தோடு எழுதுவித்துப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் ‘இன்றுதான் கண்டோம்’ என்ற உங்கள் சொல்லின் பலத்தைக் குறைக்கும். வாவியில் வீசிவிடச் சொல்லும் உறவினர் பேச்சையும் கேட்காதீர்கள். நாளை யாராவது தகவல் கொடுத்தால் உங்களிடம் காட்ட ஒரு தாளும் இராது.

பன்றிக்கும் யானைக்கும் வயல் காக்க நம் வாவியின் மேற்கே உள்ள படுவான்கரை விவசாயிகள் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) துப்பாக்கி அனுமதி எடுப்பதைப் பார்த்து, இதையும் அங்கேயே பதிந்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். ரிவால்வர் பாதுகாப்பு அமைச்சின் விடயம். பழைய அனுமதிப்பத்திரம் கிடைத்தால் வாரிசு என்ற வகையில் அங்கே விண்ணப்பித்துப் பார்க்கலாம். கிடைக்கும் என்று நான் உறுதி தரமாட்டேன்.

அண்ணனுக்குப் படத்துக்குப் பதிலாகப் பொலிஸ் பற்றுச்சீட்டின் பிரதியை அனுப்புங்கள்.