டீசல் படகில் இன்ஜின் இரைச்சல்: ஸ்பாஞ்ச் போதாது

நண்பரே, நம் மொரிஷியஸின் த்ரூ தோ தூஸிலிருந்து இல் ஓ செர்ஃப் தீவுக்கு ஆள் ஏற்றும் உங்கள் படகில், இன்ஜின் பெட்டிக்குள் மெத்தை ஸ்பாஞ்ச் ஒட்டியும் இரைச்சல் குறையவில்லை என்கிறீர்கள். குறையாது. ஸ்பாஞ்ச் எதிரொலியைத்தான் கொஞ்சம் அடக்கும். டீசலின் கடகடப்பைத் தடுக்க எடை வேண்டும். போதாததற்கு அது எண்ணெயை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், தீப்பிடித்தால் கதை முடிந்தது. முதலில் அதைப் பிய்த்து எறியுங்கள்.

அப்புறம் இடுக்குகளைப் பாருங்கள். பெட்டிக்குள் ஒரு விளக்கைப் போட்டு மூடி, இருட்டில் சுற்றி வாருங்கள். வெளிச்சம் கசியும் இடமெல்லாம் சத்தமும் கசியும். மூடி விளிம்பில் ரப்பர் பட்டை ஒட்டினாலே வித்தியாசம் தெரியும். காற்று வழியை மட்டும் அடைத்துவிடாதீர்கள், இன்ஜின் மூச்சுத் திணறும்.

வாங்க வேண்டியது, நடுவில் கனமான வினைல், இருபுறமும் ஃபோம், மேலே அலுமினியப் படலம் உள்ள ஷீட். படகு இன்ஜினுக்கென்றே விற்கும், எளிதில் தீப்பிடிக்காத வகையாகப் பாருங்கள். வெட்டிய விளிம்புகளை அலுமினிய டேப்பால் மூடுங்கள். பசையை மட்டும் நம்பாதீர்கள். நம் டிசம்பர் கோடை வெயிலும் இன்ஜின் சூடும் சேர்ந்தால் ஷீட் உரிந்து பெல்ட்டில் விழும். அகலமான வாஷரோடு ஸ்டெயின்லெஸ் திருகும் போடுங்கள்.

தரையே அதிர்கிறது என்றால் இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்டுகள் இறுகிப்போயிருக்கலாம். அதற்கு எந்த ஷீட்டும் உதவாது. மவுண்ட் படம் போடுங்கள், பார்க்கலாம்.