கேள்வி பதில்: எழுத்து நம் மனத்தை என்ன செய்கிறது?

மொழி, வாசிப்பு, எழுத்து பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்றேன். கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். என் வழக்கமான எச்சரிக்கையையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரே ஓர் ஆய்வைக் காட்டி "நிரூபணமாகிவிட்டது" என்று யாராவது சொன்னால், கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.

கேள்வி: எஸ்கிமோக்களிடம் பனிக்கு நூறு சொல் இருக்கிறதாமே? மொழிதான் சிந்தனையைத் தீர்மானிக்கிறது என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

பதில்: 1911-ல் மானிடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸ் எடுத்துக்காட்டியது நான்கே நான்கு வேர்ச்சொற்களை. எழுதியவர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் ஏற்றிக்கொண்டே போனதில் அது நூறாகிவிட்டது. அந்த மொழிகளில் ஒரு வேரோடு ஒட்டுகளைச் சேர்த்துப் புதுச்சொல் உண்டாக்கிக்கொண்டே போகலாம். அதனால் எண்ணுவதிலேயே பொருளில்லை.

கேள்வி: அப்படியானால் மொழிக்கும் சிந்தனைக்கும் தொடர்பே இல்லையா?

பதில்: அப்படிச் சொல்லவில்லை. ஆஸ்திரேலியாவின் வடக்கு குயின்ஸ்லாந்தில் கூகு யிமிதிர் என்றொரு மொழி. பொருள்கள் இருக்கும் இடத்தைச் சொல்ல அதில் இடப்பக்கம், வலப்பக்கம் கிடையாது, எல்லாம் திசைதான். காலருகே எறும்பு இருந்தாலும் வடக்கே, தெற்கே என்றுதான் சொல்ல வேண்டும். அப்படிப் பேசி வளர்ந்தவர்கள் எங்கே நின்றாலும் திசையைக் கணக்கில் வைத்திருந்தார்கள். இன்னொன்று, ரஷ்ய மொழியில் வெளிர்நீலத்துக்கும் கருநீலத்துக்கும் தனித்தனிப் பெயர்கள். 2007-ல் வந்த ஆய்வில், எல்லைக்கு இருபுறமும் உள்ள நிறங்களை ரஷ்ய மொழிக்காரர்கள் சற்று வேகமாகப் பிரித்தார்கள். அதே நேரத்தில் எண்களை மனத்துக்குள் சொல்லிக்கொண்டிருக்கச் சொன்னதும் அந்த வேகம் போய்விட்டது. ஆக, மொழி கவனத்தை ஒரு பக்கம் பழக்குகிறது. மறுபக்கத்தை அடைத்துவிடுவதில்லை.

கேள்வி: எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குத் தர்க்கம் வராது என்பதை லூரியா அன்றே காட்டிவிட்டாரே?

பதில்: இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன். சோவியத் உளவியலாளர் அலெக்சாண்டர் லூரியா 1931-32-ல் உஸ்பெகிஸ்தான், கிர்கிஸியப் பகுதிகளுக்குப் போனார். "தூர வடக்கில், பனி இருக்கும் இடத்தில், கரடிகள் எல்லாம் வெள்ளை. நோவயா ஸெம்ல்யா தூர வடக்கில் இருக்கிறது. அங்கே கரடி என்ன நிறம்?" என்று கேட்டார். பள்ளிக்கூடம் பார்க்காத விவசாயிகள் பலர், "நான் அங்கே போனதில்லை, போனவரைக் கேளுங்கள்" என்ற மாதிரி பதில் சொன்னார்கள்.

இதில் தர்க்கம் எங்கே குறைகிறது? கண்ணால் பார்க்காததைச் சொல்ல மாட்டேன் என்பதும் ஒரு நியாயம்தான். கேட்பவருக்கு விடை தெரியும், இருந்தும் நம்மிடம் கேட்கிறார், உண்மையோ பொய்யோ அவர் சொன்னதை மட்டும் வைத்துப் பதில் சொல்ல வேண்டும் என்ற விளையாட்டு வகுப்பறைக்கே உரியது. அதை ஆடிப் பழகாதவர்கள் ஆடவில்லை, அவ்வளவே.

அதே வாசகர் மீண்டும்: மழுப்புகிறீர்கள். எழுத்து வந்தால்தான் பள்ளி வரும். இரண்டும் ஒன்றுதானே?

பதில்: ஒன்றில்லை. அதைப் பிரித்துப் பார்க்க லைபீரியாவில் ஒரு வாய்ப்புக் கிடைத்தது. 'வாய்' (Vai) என்ற இனத்தாருக்கு 19-ஆம் நூற்றாண்டில் அவர்களே உருவாக்கிய எழுத்து உண்டு. அன்று அதைப் பள்ளியில் சொல்லித்தரவில்லை, ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக் கடிதமும் கணக்கும் எழுதினார்கள். சில்வியா ஸ்கிரிப்னரும் மைக்கேல் கோலும் அவர்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1981-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். கரடிக் கேள்வி போன்றவற்றில், விடைக்குக் காரணம் சொல்லும் திறனைக் கூட்டியது பள்ளிப்படிப்புதான். வாய் எழுத்து மட்டும் தெரிந்தவர்களிடம் பொதுவான பெரிய மாற்றம் இல்லை. ஆனால் ஒரு விளையாட்டை அறியாத ஆளுக்கு விளக்கச் சொன்னால் நன்றாக விளக்கினார்கள். கடிதம் எழுதிய பழக்கம். எழுத்தை எதற்குப் பயன்படுத்தினார்களோ அதில் தேர்ந்தார்கள்.

மறுபடியும் அவரே: ஓர் ஆய்வை நம்பாதே என்பவர் ஒரே ஆய்வை வைத்து வாதாடுகிறீர்கள்.

பதில்: நல்ல அடி! சரி, இன்னொன்று. பிரேசிலில் பள்ளி செல்லாத பெரியவர்களிடம் இதே வகைக் கேள்விகளை வேறொரு கிரகத்தில் நடப்பதாகச் சொல்லிக் கேட்டார்கள், 2005-ல் வெளியானது. தர்க்கமான பதில்கள் கூடின. இல்லாத தர்க்கம் கிரகத்தின் பெயரைக் கேட்டு வந்துவிடுமா?

வேறொருவர்: அப்போது எழுத்தறிவு எதையுமே மாற்றுவதில்லையா?

பதில்: மாற்றுகிறது, நீங்கள் எதிர்பார்க்காத இடத்தில். 'மலை'யில் முதல் ஒலியை மட்டும் நீக்குங்கள்: 'அலை'. உங்களுக்கு எளிது. 1979-ல் போர்ச்சுகலில் எழுத்தறியாத பெரியவர்களிடம் இப்படிக் கேட்டபோது பெரும்பாலும் முடியவில்லை. வளர்ந்தபின் படிக்கக் கற்றவர்களுக்கு முடிந்தது. சரி, படிப்பே காரணம் என்று விட்டுவிடலாமா? 1986-ல் வந்த சீன ஆய்வில், ஒலிக்கு ஒன்றாக இல்லாமல் சொல்லுக்கு ஒன்றாக அமைந்த சீன எழுத்தை மட்டும் நன்றாகப் படிப்பவர்களும் திணறினார்கள். ஒலிக்கொரு எழுத்து முறையையும் கற்றிருந்தவர்கள் செய்தார்கள். பேச்சைத் தனித்தனி ஒலிகளாகக் கேட்கும் காதை எழுத்து தருகிறது, அதிலும் குறிப்பிட்ட வகை எழுத்து. என்னைக் கேட்டால் கரடியைவிட இதுதான் சுவையான விஷயம். ஆனால் வந்த கடிதங்களில் பாதி கரடிக்குத்தான்.

கேள்வி: வேக வாசிப்புப் பயிற்சியால் நிமிடத்துக்கு ஆயிரம் சொல் படிக்க முடியுமா? (இதே கேள்வி பலரிடமிருந்து.)

பதில்: புரட்ட முடியும். கண் தாவித் தாவித்தான் படிக்கிறது. ஒவ்வொரு நிறுத்தமும் ஏறக்குறைய கால் விநாடி. வேகம் கூடினால் புரிதல் குறையும்.

கேள்வி: வேக வாசிப்புச் செயலி ஏதாவது?

பதில்: மேலே பாருங்கள்.

கேள்வி: தாளா, திரையா?

பதில்: 2018-ல் 54 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், தகவல் நூல்களுக்குத் தாள் சற்று மேல், நேர நெருக்கடியில் இன்னும் மேல். கதைக்கு வித்தியாசம் தெரியவில்லை. கதையைக் கைப்பேசியிலேயே படியுங்கள்.

கேள்வி: பழங்காலத்தில் எல்லோரும் வாய்விட்டுத்தான் படித்தார்களாமே? நான்காம் நூற்றாண்டில் ஆயர் அம்புரோஸ் மௌனமாகப் படித்ததைப் பார்த்து கிறித்தவ அறிஞர் அகஸ்டின் வியந்தாராம்.

பதில்: ஒரே ஒரு சாட்சி! கிரேக்கர்களிடமே மௌன வாசிப்புக்குச் சான்று உண்டு. ஆனால் சொல்லுக்குச் சொல் இடைவெளி விடாத லத்தீன் ஏட்டை வாய்விட்டுப் படிப்பது எளிது என்பது உண்மை. ஏழு, எட்டாம் நூற்றாண்டுகளில் அயர்லாந்துத் துறவிகள் இடைவெளி விடத் தொடங்கினார்கள். நம் ஓலைச்சுவடிகளிலும் இடைவெளி இல்லை, பல சமயம் மெய்யெழுத்தின் மேல் புள்ளியும் இல்லை. செய்யுளின் ஓசை தெரிந்தவருக்குத்தான் சொல் பிரியும்.

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. நன்றாகப் பேசுகிறான், படிக்கும்போது எழுத்துகளைக் குழப்பிக்கொள்கிறான். கூடுதலாக எழுத வைத்தால் சரியாகிவிடுமா?

பதில்: இது என் துறை இல்லை. கற்றல் குறைபாடுகளைக் கண்டறியத் தெரிந்த உளவியலாளரிடம் தாமதிக்காமல் அழைத்துப் போங்கள். தண்டனையாக எழுத வைக்காதீர்கள். உளவியலாளரிடம் போகும் முன் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடுங்கள்.