ஜாலியா எழுதணுமா, சீரியஸாவா?

சார், வணக்கம். கன்டென்ட் ரைட்டிங்ல இறங்கி ஆறு மாசம் ஆகுது. ஒரு கிளையன்ட் ஜாலியா எழுதுங்கன்னாரு, எழுதிக் குடுத்தா "கொஞ்சம் புரொஃபஷனலா இருந்தா நல்லாருக்கும்"னு திருப்பி அனுப்பிட்டாரு. பேச்சுத்தமிழ்ல எழுதினா கம்பெனி மேல மதிப்பு குறையுமா? மார்க்கெட்டிங் கட்டுரைக்கு எந்த டோன்தான் சரி? பெயர் போட வேண்டாம் ப்ளீஸ்.

வணக்கம்ங்க,

ஜாலி, புரொஃபஷனல் இந்த மாதிரி வார்த்தையை நம்பி எழுத உக்காராதீங்க, சொல்றவருக்கே அது என்னன்னு தெரியாது. அவருக்குப் பிடிச்ச ரெண்டு பத்தி, பிடிக்காத ஒரு பத்தி அனுப்பச் சொல்லுங்க. பாதி சண்டை அங்கயே முடிஞ்சிடும்.

அடுத்து, படிக்க வர்றவர் எந்த நிலைமைல வர்றாருன்னு பாருங்க, அது அவர் கூகுள்ல தட்டுற வார்த்தையிலயே தெரிஞ்சிடும். "எந்த போன் நல்லது"ன்னு தேடுறவர் நிதானமா இருக்கார், நாலு பக்கம் படிப்பார், ஜோக் அடிச்சாலும் தாங்குவார். "போன் பேட்டரி உப்பிடுச்சு என்ன செய்ய"ன்னு தேடுறவர் உப்பின போனைக் கையில வெச்சுக்கிட்டு முழிச்சிட்டு நிக்கறார், அவருகிட்ட போயி "இன்றைய நவீன உலகில் செல்போன் நம் வாழ்வின் பிரிக்க முடியாத அங்கமாகிவிட்டது"ன்னு ஆரம்பிச்சா எப்படி இருக்கும்? சார்ஜ் போடாதீங்க, ஆஃப் பண்ணுங்க, குத்தாதீங்க, அமுக்காதீங்க, சர்வீஸ் சென்டர்ல குடுங்க. முதல்ல இதான் வரணும். கம்பெனி விக்கிற பேட்டரியைப் பத்தி கீழ பேசிக்கலாம்.

நானும் சொதப்பியிருக்கேன். டெலிவரி லேட்டானதுக்கு மன்னிப்பு கேக்குற மெயில்ல "உங்க பார்சல் ஊர் சுத்திப் பாக்கப் போயிருக்கு"ன்னு எழுதினேன், கிளையன்ட் விழுந்து விழுந்து சிரிச்சார், காசு கட்டிட்டுக் காத்திருந்தவங்க சிரிக்கல.

பேச்சுத்தமிழால மதிப்பு குறையாதுங்க. "நீங்கள்"னு ஆரம்பிச்சு மூணாவது பத்தியில "நீங்க"ன்னு மாறி கடைசியில "தொடர்பு கொள்ளவும்"னு முடியுது பாருங்க, மூணு பேர் சேர்ந்து எழுதின மாதிரி, அதாலதான் குறையுது. பணம் திருப்பித் தர்ற கண்டிஷன் மாதிரி விஷயத்தை மட்டும் எழுத்துத்தமிழ்ல தனியா வெச்சிடுங்க, அங்க ஒரு சொல் வழுக்கினாலும் வம்பு.

அப்புறம் இந்த "உலகத்தரம் வாய்ந்த", "ஈடு இணையற்ற" எல்லாம் எந்த டோன்லயும் வேண்டாம். 1997லயே, வெப்சைட்டை ஜனங்க எப்படிப் பயன்படுத்துறாங்கன்னு ஆராய்ஞ்ச ஜேக்கப் நீல்சனும் ஜான் மோர்க்ஸும் ஒரே வெப்சைட்டை அஞ்சு விதமா எழுதி ஆளுங்களை யூஸ் பண்ண வெச்சுப் பாத்தாங்க, விளம்பர ஜோடனையை எடுத்துட்டு நேரடியா எழுதினதுக்கே பயன்பாட்டு மதிப்பெண் 27% கூடுச்சு, அதையே சுருக்கி, கண்ணுல படுற மாதிரி பிரிச்சும் போட்டப்போ 124%. கிளையன்ட் அடம் பிடிச்சா இதைக் காட்டுங்க.

திரும்பி வந்த கட்டுரையோட முதல் பத்தியை மட்டும் அனுப்புங்க, பாக்கறேன்.