பாளையங்கோட்டைப் பட்டத்தோடு பினாங்கில் சித்த வைத்தியம்: எதை முதலில் செய்வது?

கேள்வி: என் அக்கா மகன் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் பி.எஸ்.எம்.எஸ். படித்து, ஓராண்டு உள்ளுறைப் பயிற்சியும் முடித்துவிட்டு ஊர் திரும்பியிருக்கிறான். மலேசியக் குடிமகன்தான். ஜார்ஜ்டவுன் லெபோ பாசாரில் தெரிந்தவரின் கடைவீடு ஒன்று காலியாக இருக்கிறது. அடுத்த மாதமே திறக்கலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். மருந்துகளுக்குத் தமிழ்நாட்டில் ஆர்டர் கொடுக்கப் போகிறோம். பலகையில் 'டாக்டர்' என்று போடலாமா? வேறு என்ன உரிமம் வேண்டும்? (வாசகர், பட்டர்வொர்த்)

பதில்: மருந்து ஆர்டரை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். கடைக்கு முன்பணமும் கொடுக்க வேண்டாம்.

உங்கள் அக்கா மகனின் பட்டம் ஐந்தரை ஆண்டு உழைப்பு. அதன் மதிப்பு குறையவில்லை. ஆனால் சென்னையில் தமிழ்நாடு சித்த மருத்துவ மன்றம் கொடுத்த பதிவு எண்ணை வைத்துக்கொண்டு பினாங்கில் நாடி பார்க்க முடியாது. இங்கே செல்லுபடியாவது 2016ஆம் ஆண்டு பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம், அதாவது சட்டம் 775. அந்தச் சட்டத்தின் கீழ் மன்றம் ஒன்று இருக்கிறது; சுகாதார அமைச்சின் பாரம்பரிய மருத்துவப் பிரிவுதான் அதன் அலுவல்களைப் பார்க்கிறது. சித்தா, ஆயுர்வேதம், யுனானி, யோகா-இயற்கை மருத்துவம் நான்கும் அங்கே 'பாரம்பரிய இந்திய மருத்துவம்' என்ற ஒரே துறைக்குள் வரும். ஹோமியோபதி தனித் துறை. விண்ணப்பப் படிவத்தில் தவறிப்போய் அதற்குக் குறி போட்டுவிட வேண்டாம்.

பதிவு 1 மார்ச் 2021இல் தொடங்கியது. ஏற்கெனவே தொழிலில் இருந்தவர்களுக்காக 29 பிப்ரவரி 2024 வரை இடைக்காலம் விட்டிருந்தார்கள். பல மூத்த வைத்தியர்கள் அந்தக் காலத்தில்தான் அனுபவத்தைக் காட்டிப் பதிந்துகொண்டார்கள். ஆகவே 'எங்கள் பெரியப்பா இப்படித்தான் பதிந்தார்' என்று யாராவது வழி சொன்னால், அந்த வழி இப்போது இல்லை. இன்று பதிவில்லாமல் தொழில் செய்து பிடிபட்டால் முதல் குற்றத்துக்கே 30,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், அல்லது இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

புதிதாகப் படித்து வருபவருக்கு மூன்று படி உண்டு. பட்டத்தை மன்றம் ஏற்றுக்கொண்டால் முதலில் கிடைப்பது தற்காலிகப் பதிவு. அதை வைத்துக்கொண்டு, மன்றம் ஒப்புக்கொண்ட இடத்தில், பதிவு பெற்ற ஒருவரின் மேற்பார்வையில் குறைந்தது ஓராண்டு பணியாற்ற வேண்டும். அதன் பிறகுதான் முழுப் பதிவு. அதோடும் முடியவில்லை: முழுப் பதிவு பெற்றவர் தொழில் செய்ய 'தொழில் நடத்தும் சான்றிதழ்' தனியாக வாங்க வேண்டும், அதற்குக் காலாவதித் தேதி உண்டு. நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான். பதிவுச் சான்றிதழைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டிவிட்டு, மற்றதைப் புதுப்பிக்க மறந்துவிடுகிறார்கள். பாளையங்கோட்டையில் செய்த உள்ளுறைப் பயிற்சி இந்த ஓராண்டுக்கு ஈடாகும் என்று நீங்களாகவே கணக்குப் போட்டுக்கொண்டு கடை பிடிக்க வேண்டாம். அதை மன்றத்திடமே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இனி ஆவணங்கள். பட்டச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல்கள், பயிற்சி முடித்த சான்று, தமிழ்நாட்டு மன்றத்தின் பதிவு, அதே மன்றம் தரும் நன்னிலைச் சான்று ஆகியவற்றைத் திரட்டி வைக்க வேண்டும். பட்டமும் மதிப்பெண்ணும் கல்லூரி தருவதல்ல, தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் தருவது. ஊர் திரும்பிய பிறகு அதற்காகத் தபாலில் அலைவதைவிட, அங்கே இன்னும் இருக்கும் நண்பர் ஒருவரிடம் அதிகாரக் கடிதம் கொடுத்து இப்போதே வாங்கிக்கொள்வது நல்லது.

பெயரையும் ஒரு தடவை சரிபாருங்கள். நம் அடையாள அட்டையில் பையன் பெயர், 'இன்னாரின் மகன்' என்பதைக் குறிக்கும் 'ஆ/எல்', அப்பா பெயர் என்று முழுதாக இருக்கும். தமிழ்நாட்டுச் சான்றிதழிலோ ஒரு தலைப்பெழுத்தும் பெயரும் மட்டும். கடவுச்சீட்டில் இன்னொரு எழுத்துக்கூட்டல். மூன்றும் ஒரே ஆளுடையவைதாம் என்பது விண்ணப்பத்தைப் பார்க்கும் அதிகாரிக்குத் தெரியாது. கோப்பு அங்கேயே நின்றுவிடும். சத்தியப் பிரமாண ஆணையரிடம் போய், மூன்று பெயர்களையும் அந்தந்த ஆவணத்தில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து குறிப்பிட்டு, ஒரு சத்தியப் பிரமாணம் செய்து விண்ணப்பத்தோடு முதல் நாளே இணைத்துவிடுங்கள். சில வெள்ளியில் முடிகிற வேலை இது.

காத்திருக்கும் மாதங்களில் சும்மா இருக்க வேண்டுமா என்று கேட்பீர்கள். நாட்டு மருந்துக் கடை நடத்தலாம். காய்ந்த நிலவேம்பு, ஆடாதோடை, சுக்கு, திப்பிலி போன்ற தனி மூலிகைகளை, மாத்திரையாகவோ கேப்சூலாகவோ ஆக்காமல் விற்க மருந்துப் பதிவு தேவையில்லை. ஆனால் கடைக்கு வந்தவரின் கையைப் பிடித்து நாடி பார்த்து, 'உங்களுக்குப் பித்தம் ஏறியிருக்கிறது, இதை இத்தனை நாள் சாப்பிடுங்கள்' என்று சொன்ன நொடியில் அது வைத்தியமாகிவிடும்.

இப்போது மருந்து. உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்பட வைத்தது இதுதான். தயாரித்து, அடைத்து, பெயர் ஒட்டி வரும் பாரம்பரிய மருந்து எதுவானாலும் 1984ஆம் ஆண்டு மருந்து, ஒப்பனைப் பொருள் கட்டுப்பாட்டு விதிகளின்படி இந்நாட்டில் பதிவாகியிருக்க வேண்டும். டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். 'எம்.ஏ.எல்.' என்ற மூன்றெழுத்து, பிறகு எட்டு இலக்கம், கடைசியில் 'டி' என்ற எழுத்து. அந்த 'டி'தான் பாரம்பரிய மருந்துக்கு அடையாளம். பக்கத்தில் ஹோலோகிராம் ஒட்டுவில்லை இருக்கும். எண்ணை மட்டும் நம்ப வேண்டாம், போலியாக அச்சிடுவோர் உண்டு. தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையின் இணையத் தேடலில் எண்ணைப் போட்டு, வரும் பொருளின் பெயர் டப்பாவில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். தமிழ்நாட்டில் அரசு உரிமத்தோடு செய்த மருந்தாக இருந்தாலும், இங்கே இந்த எண் இல்லையென்றால் அலமாரியில் வைக்கக் கூடாது.

சித்த மருத்துவத்துக்கே உரிய சிக்கல், உலோகங்களையும் தாதுக்களையும் புடம் போட்டுச் செய்யும் பற்பமும் செந்தூரமும். இங்கே பதிவாகும் பாரம்பரிய மருந்தில் ஈயம் கிலோவுக்கு 10 மில்லிகிராம், ஆர்சனிக் 5, பாதரசம் 0.5, காட்மியம் 0.3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. செந்தூரத்தில் சேரும் லிங்கம் என்ற தாது, பாதரசமும் கந்தகமும் சேர்ந்தது. எடையில் சுமார் 86 விழுக்காடு பாதரசமே. அப்படியென்றால் லிங்கச் செந்தூரம் எந்தக் கணக்கிலும் அந்த வரம்புக்குள் வராது. அரிதாரம் என்ற ஆர்சனிக் தாது சேர்ந்த மருந்துகளுக்கும் இதே கதை. 'முறைப்படி சுத்தி செய்தது' என்பது பாடத்தில் பதிலாகலாம், ஆய்வுக்கூடம் கேட்பது அளவை. பாதரச, ஆர்சனிக் சேர்மங்கள் 1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்தின் பட்டியலிலும் இருக்கின்றன. எனவே இப்படிப்பட்ட உயர்மருந்துகளை விட்டுவிட்டு, மூலிகைச் சூரணம், குடிநீர் (கஷாயம்), தைலம் ஆகியவற்றில் தொழிலை நிறுத்திக்கொள்வதே உங்கள் பிள்ளைக்கு நல்லது. அதிலேயே செய்வதற்கு நிறைய இருக்கிறது.

பதிவு பெற்ற பிறகு, தன்னிடம் சிகிச்சைக்கு வந்தவருக்கென்று வைத்தியரே சேர்த்து நேரடியாகக் கொடுக்கும் மருந்துக்குத் தனிப் பதிவு வேண்டாம். சுக்கு, மிளகு, திப்பிலி சேர்ந்த திரிகடுகத்தை எதிரில் அமர்ந்திருப்பவருக்காக அளந்து பொட்டலம் கட்டினால் சிகிச்சை. முன்கூட்டியே 200 புட்டியில் அடைத்து லேபிள் ஒட்டினால் உற்பத்தி, அதற்கு உற்பத்தியாளர் உரிமம் வேண்டும். மூட்டு வலிக்கு 'ஒரே நாளில் கேட்கும்' என்று யாராவது பெயரில்லாத மாத்திரை கொண்டுவந்து கொடுத்தால் தொடவே தொடாதீர்கள். அப்படிப்பட்டவற்றில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சோதனைகள் மீண்டும் மீண்டும் காட்டியிருக்கின்றன. நோயாளியின் முகம் வீங்கும், சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

பலகையில் 'டாக்டர்' வேண்டாம். தமிழ்நாட்டில் அப்படிப் போடுவது வழக்கம். இங்கே மலேசிய மருத்துவ மன்றப் பதிவேட்டில் இல்லாத ஒருவர், மருத்துவர் என்று பொதுமக்கள் நினைக்கும்படி பட்டம் போட்டால் 1971ஆம் ஆண்டு மருத்துவச் சட்டம் பாயும். 'கிளினிக்' என்ற சொல்லையும் தவிருங்கள். 'புசாட் ராவாத்தான்' (சிகிச்சை மையம்) என்பது பாதுகாப்பு. மலாய் முதன்மையாக இருக்க, தமிழைப் பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம். லெபோ பாசார் ஜார்ஜ்டவுனின் உலகப் பாரம்பரியச் சின்னப் பகுதிக்குள் வருவதால் பலகையின் அளவு, முகப்பு மாற்றம், ஐந்தடி நடைபாதையில் கை வைப்பது எல்லாவற்றுக்கும் மாநகர் மன்றத்திடம் முன்கூட்டியே ஒப்புதல் வாங்க வேண்டும். வணிக உரிமமும் அங்கேதான்; நிறுவனப் பதிவு எஸ்.எஸ்.எம். எனும் மலேசிய நிறுவனங்கள் ஆணையத்தில். இவை இரண்டும் வழக்கமான வேலைகள்.

விளம்பரத்தில் இன்னும் கவனம் வேண்டும். 1956ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் 20 நோய்களைக் குறிப்பிட்டு, அவற்றைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் 'சர்க்கரை, ஆஸ்துமா, ஆண்மைக்குறைவு தீரும்' என்று ஒரு துண்டறிக்கை கொடுத்தால், அந்த ஒரு வரியில் உள்ள மூன்றும் அந்தப் பட்டியலில் இருப்பவை. ஃபேஸ்புக் பதிவும் வாட்ஸ்அப் படமும் விளம்பரமே. மற்ற மருந்து விளம்பரங்களுக்கு மருந்து விளம்பர வாரியத்தின் 'கே.கே.எல்.ஐ.யூ.' என்ற ஒப்புதல் எண் வேண்டும்.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறவர்கள் வருவார்கள், எம்.சி. கேட்பார்கள். சித்த வைத்தியர் தரும் மருத்துவ விடுப்புச் சான்றை 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் ஏற்காது. முதல் நாளே முகப்பு மேசையில் எழுதி வைத்துவிடுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு நாளும் மனத்தாங்கல்தான்.

கடைவீட்டுக்காரர் உங்களுக்குத் தெரிந்தவர் என்கிறீர்கள். அந்த இடத்தை விட மனமில்லையென்றால் சாதாரண வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். சிறு தொகை கொடுத்து இடத்தைப் பிடித்துவைத்து, மன்றப் பதிவோ மாநகர் மன்ற உரிமமோ கிடைக்காவிட்டால் அந்தத் தொகையை முழுதாகத் திருப்பித் தர வேண்டும் என்ற ஒரு வரியை வழக்கறிஞர் மூலம் சேர்த்துக்கொள்ளுங்கள்.