பயம் போன பிறகு தொடங்கலாமா?

அன்புள்ள ஐயா,

ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். வயது 47. எங்கள் பிரிவு முழுவதும் இப்போது புதிய மென்பொருளுக்கு மாறுகிறது. பயிற்சி வகுப்புக்கு இரண்டு முறை என் பெயர் வந்தது. இரண்டு முறையும் உடல்நிலை சரியில்லை என்று விடுப்பு எடுத்துவிட்டேன். உண்மையில் உடம்புக்கு ஒன்றுமில்லை. நேற்றுவரை என்னிடம் சந்தேகம் கேட்டுக்கொண்டிருந்த இளைஞர்கள் முன்னால் ஒன்றும் தெரியாமல் விழிப்பதை நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. விருப்ப ஓய்வு கேட்டுவிடலாமா என்றுகூட யோசிக்கிறேன். வீட்டில் இதைச் சொல்லவில்லை. இந்தப் பயத்தை முதலில் போக்க ஒரு வழி சொல்லுங்கள். அதன்பிறகு மற்றதை நான் பார்த்துக்கொள்வேன்.

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் திட்டத்தின் வரிசை சரியில்லை என்று நினைக்கிறேன். பயம் போகட்டும், பிறகு வகுப்புக்குப் போகிறேன் என்கிறீர்கள். அப்படிக் காத்திருந்து பயம் போனவர்கள் யாரையும் நான் பார்த்ததில்லை.

விடுப்புக் கேட்டு அனுப்பிய அந்த நிமிடம் எப்படி இருந்தது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். பெரிய நிம்மதி வந்திருக்கும். உங்களுக்கு உண்மையில் தீங்கு செய்தது அந்த நிம்மதிதான். ‘விலகினாய், பிழைத்தாய்’ என்று அது மனதுக்குச் சொல்லிக்கொடுக்கிறது. வகுப்பில் என்ன நடந்திருக்கும் என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைக்கவே இல்லை. அதனால், நடக்கும் என்று கற்பனை செய்த அவமானம் நடந்த ஒன்றைப்போலவே மனதில் பதிந்துவிட்டது. இரண்டாவது அழைப்பு முதலாவதைவிட அதிகமாகப் பயமுறுத்தியிருக்குமே?

1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு குழந்தையைப் பற்றி எழுதினார். ஆய்வில் அவனுக்கு வைத்த பெயர் பீட்டர். மூன்று வயதுகூட நிரம்பாத அவனுக்கு முயலைக் கண்டால் பயம். வெள்ளெலி, ரோமக் கோட்டு, பஞ்சு என்று அந்தப் பயம் பரவியிருந்தது. ஜோன்ஸ் அவனுக்கு எந்த அறிவுரையும் சொல்லவில்லை. முயலைக் கூண்டில் வைத்து, தொலைவில் தொடங்கி, அவன் தாங்கும் அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் கொண்டுவந்தார். முயலுக்குப் பயப்படாத பிள்ளைகளையும் அவனோடு விளையாடவிட்டார். நல்ல முன்னேற்றம் தெரிந்த நேரத்தில் பீட்டர் காய்ச்சலில் படுத்து மருத்துவமனைக்குப் போனான். அங்கிருந்து திரும்பும் வழியில் ஒரு பெரிய நாய் பாய்ந்து அவனை மிரட்டிவிட்டது. பழைய பயம் அத்தனையும் திரும்பி வந்தது. ஜோன்ஸ் மறுபடி தொலைவிலிருந்து தொடங்கினார். இந்த முறை அவனுக்குப் பிடித்த உணவைக் கொடுத்துக்கொண்டே முயலை நெருங்கவிட்டார். கடைசியில் அந்த முயல் தன் விரலை மெல்லக் கொறிப்பதற்கும் பீட்டர் இடம்கொடுத்தான்.

பயம் திரும்பி வந்த பகுதியை உங்களுக்காகவே விரிவாக எழுதினேன். நீங்கள் ஒரு வாரம் நன்றாகக் கற்றுக்கொள்வீர்கள். பிறகு ஒரு தவறான பதிவால் மாதக் கணக்கு இடிக்கும், யாராவது முகம் சுளிப்பார்கள், மறுநாள் காலை வயிறு மறுபடி கலங்கும். அன்று, ‘எனக்கு இது வராது’ என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பழகிய பயம் முழுவதுமாக அழிவதில்லை. அதன்மேல் புதிய அனுபவம் படிகிறது, அவ்வளவுதான். சில நாள் பழையது மேலே வரும்.

இன்னொன்று. இப்போது நீங்கள் அனுபவிப்பதே இதில் மிக மோசமான கட்டமாக இருக்கலாம். 2016இல் வெளியான ஓர் ஆய்வில், லண்டனில் 45 பேரைக் கணினியில் ஒரு விளையாட்டு ஆடவைத்தார்கள். கல்லுக்கு அடியில் பாம்பு இருக்கிறதா என்று ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்தால் கையில் லேசான மின்னதிர்ச்சி. அதிர்ச்சி நிச்சயம் என்று தெரிந்தபோது இருந்ததைவிட, வருமா வராதா என்பது சரிபாதியாக இருந்தபோதுதான் மன அழுத்தம் உச்சத்தில் இருந்தது. நீங்கள் மாதக்கணக்கில் அந்தச் சரிபாதியில் நின்றுகொண்டிருக்கிறீர்கள்.

ஆனால் உங்களை உண்மையில் வாட்டுவது மென்பொருள் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பிரிவில் எல்லோரும் வந்து கேட்கும் இடத்தில் நீங்கள் இருந்தீர்கள். அந்த இடம் போய்விடுமோ என்ற கவலை உங்கள் கடிதம் முழுவதும் தெரிகிறது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, உழைத்துச் சம்பாதித்த இடம் அது. கொஞ்ச காலத்துக்கு அது உங்கள் கையில் இருக்காது என்பதும் உண்மைதான், மறைக்க மாட்டேன். ஆனால் ஒரு செலவு தவறான தலைப்பில் ஏறியிருப்பதையும், ஒரு தொகை வழக்கத்துக்கு மாறாக இருப்பதையும் பார்த்ததும் பிடிக்கிற கண் உங்களுடையது. எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதைச் சில வாரங்களில் கற்றுக்கொள்ளலாம். அந்தக் கண்ணை அப்படிக் கற்க முடியாது.

அதனால் வகுப்புக்காகக் காத்திருக்க வேண்டாம். உங்களிடம் சந்தேகம் கேட்ட இளைஞர்களில் பொறுமையான ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். ‘ஒரே ஒரு பில்லை இதில் எப்படிப் பதிவது என்று காட்டு’ என்று கேளுங்கள். தவறு செய்தாலும் பாதிப்பில்லாத பயிற்சிப் பதிப்பு இருந்தால் அதில் செய்து பாருங்கள். மறுநாள் அதையே அவர் உதவியின்றிச் செய்யுங்கள். நீங்கள் பயப்படுவது கூட்டத்துக்கு முன்னால் விழிப்பதற்கு. ஒருவருக்கு முன்னால் விழிப்பதைத் தாங்கிக்கொள்ளலாம். வகுப்புக்குப் போகும்போது அந்த ஒருவர் பக்கத்தில் உட்காருங்கள்.

விருப்ப ஓய்வு தவறான முடிவு என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. அதைப் பயத்தின் பிடியில் இருக்கும்போது எடுக்காதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அந்த மென்பொருளில் சில மாதங்கள் வேலை செய்துபாருங்கள். அப்போதும் பிடிக்கவில்லையென்றால், வரவு செலவைப் பார்த்து நிதானமாக முடிவு செய்யுங்கள். வீட்டிலும் இன்றே சொல்லிவிடுங்கள். ஒளித்து வைப்பதற்கும் உங்கள் சக்தி செலவாகிறது. தூக்கமும் பசியும் கெட்டிருந்தால் மருத்துவரையும் பாருங்கள்.

மேலாளரிடம் ஒன்றைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஒருநாள் வகுப்பில் இருபது ஆண்டுப் பழக்கத்தை மாற்றச் சொல்வது நியாயமில்லை. கூடுதல் பயிற்சியும், பழைய முறையும் புதிய முறையும் சேர்ந்தே ஓடும் சில வாரங்களும் வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். உங்கள் பிரிவில் வாய் திறக்காமல் இதே கவலையோடு இருக்கும் வேறு சிலரும் அதில் கையெழுத்திடுவார்கள்.