கேள்வி பதில்: கணினிக்குப் பூச்சி பிடிக்குமா?

கேள்வி: தம்பி கொழும்பில் மென்பொருள் வேலை செய்கிறான். எப்போது போன் எடுத்தாலும் ‘ப்ரோகிராமில பக் வந்திட்டுது, விடிய விடிய முழிப்பு’ என்பான். பக் என்றால் என்ன என்று அம்மா கேட்க, பூச்சி என்று சொல்லிவிட்டேன். ‘பூச்சி பிடிச்சால் மருந்து அடிக்கிறதுதானே, ஏன் பெடியன் முழிச்சிருக்கிறான்’ என்கிறார் அம்மா. ப்ரோகிராமில் வரும் பிழைக்கும் பூச்சிக்கும் என்ன சம்பந்தம், இரண்டையும் ஏன் பக் என்கிறார்கள்? முந்தி ஒரு கணினிக்குள் பூச்சி அகப்பட்டதால் வந்த பெயர் என்று தம்பி சொல்வது சரியா? (வாசகி, விசுவமடு)

பதில்: பூச்சி அகப்பட்டது உண்மை. பெயர் அதனால் வந்தது என்பதுதான் பிழை.

போன மாரியில் எங்கள் கிணற்று மோட்டர் திடீரென்று வேலை செய்யவில்லை. சுவிச்சுப் பெட்டியைக் கழற்றிப் பார்த்தால், ஒட்ட வேண்டிய இரண்டு செப்புத் தகட்டுக்கும் நடுவில் ஒரு பல்லி, கருகி வறண்டு போய். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் இருந்த மார்க் 2 கணினிக்கு நடந்ததும் கிட்டத்தட்ட இதுதான். அதில் இப்போதுள்ள சிப்புகள் கிடையாது, ரிலே என்ற மின்சார சுவிச்சுகள் ஆயிரக்கணக்கில் டக் டக்கென்று ஒட்டி விலகித்தான் கணக்குப் பார்க்கும். 1947 செப்டெம்பர் 9 அன்று 70ஆம் இலக்க ரிலேக்குள் ஒரு விட்டில் பூச்சி செத்துக் கிடந்தது. எடுத்தவர்கள் அதை எறியாமல் குறிப்புக் கொப்பியில் டேப் போட்டு ஒட்டி, நேரம் 3.45 என்றும் போட்டு, பக் ஒன்று உண்மையாகவே அகப்பட்ட முதல் சம்பவம் என்று கீழே எழுதி வைத்தார்கள். அந்தப் பக்கம் பூச்சியோடு இன்றும் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அந்த ‘உண்மையாகவே’ என்ற சொல்லைக் கவனியுங்கள். அதற்கு முதலே பிழையை பக் என்று சொல்லிப் பழகியவர்களுக்குத்தான் அது பகிடி. இல்லாவிட்டால் அதில் சிரிக்க என்ன இருக்கிறது? அந்தக் கணினியில் வேலை செய்த கிரேஸ் ஹொப்பர் அம்மையார் பிற்காலத்தில் போகிற இடமெல்லாம் இந்தக் கதையைச் சொன்னதால், பூச்சியைப் பிடித்தவரே அவர்தான் என்று ஆகிவிட்டது. அது வேறு கதை.

அதற்கும் 69 வருடம் முன்னால், 1878இல், எடிசன் ஒரு கடிதத்தில் எழுதுகிறார்: புது யோசனை சட்டென்று வந்துவிடும், பிறகுதான் சின்னச் சின்னக் குறைகள் தலைகாட்டும், அவற்றை பக் என்பார்கள், தீர்க்க மாதக் கணக்காகும் என்று. ‘என்பார்கள்’ என்றுதான் சொல்கிறார், தான் வைத்த பெயர் என்று சொல்லவில்லை.

சரி, அவர்களுக்கு எங்கிருந்து வந்தது? பழைய ஆங்கிலத்தில் பக் என்றால் பூச்சியே இல்லை, பயமுறுத்தும் பேய்பிசாசு. 1535இல் கவர்டேல் என்பவர் அச்சிட்ட ஆங்கில வேதாகமத்தில் 91ஆம் சங்கீதம், ‘இரவில் வரும் பக்குகளுக்கு நீ அஞ்ச வேண்டாம்’ என்கிறது. மூட்டைப்பூச்சி என்று நினைத்துவிடாதீர்கள்! பூச்சி என்ற பொருள் 17ஆம் நூற்றாண்டில்தான் வருகிறது. பிழை என்ற பொருள் பேயிலிருந்து வந்ததா பூச்சியிலிருந்து வந்ததா என்று அகராதிக்காரர்கள் இன்னமும் இழுபறி. நான் பேய்ப் பக்கம். ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாமல் இருந்துகொண்டு ஆட்டுவிக்கிறது பேயின் குணம். நாங்களும் பிள்ளைகளைப் பயமுறுத்தப் பூச்சாண்டியைத்தானே கூப்பிடுகிறோம், அதிலும் பூச்சி மாதிரி ஒன்று கேட்கிறது பாருங்கள்.

ஆனால் வயல்காரரிடம் கேட்டால் பூச்சிதான் என்பார்கள். கதிர் பால் பிடிக்கிற நேரம் பூச்சி வந்து உறிஞ்சிவிட்டால் வெளியில் ஒன்றும் தெரியாது, வெட்டி அடித்துத் தூற்றும்போதுதான் பாதி சப்பி என்று விளங்கும். கத்தரிக்காயும் அப்படித்தான், மேலே பளபளவென்று இருக்கும், வெட்டினால் சூத்தை.

அம்மாவிடம் சொல்லுங்கள், அவர் சொன்னது சரி. பிழை திருத்துவதை ஆங்கிலத்தில் ‘டீபக்’ என்கிறார்கள், பூச்சி எடுக்கிறது என்று அர்த்தம். தம்பி விடிய விடிய மருந்துதான் அடிக்கிறார்.

கேள்வி: கணினி திடீரென்று ஒரு கணம் தடுமாறினால் ‘கிளிச்’ என்கிறார்களே, அதுவும் பூச்சியா? (வாசகர், மாங்குளம்)

பதில்: இல்லை, அது வழுக்கல். ஜெர்மன் மொழியில் கிளிட்ஷென் என்றால் வழுக்குவது, யூதர்களின் யித்திஷ் மொழியிலும் அதே சொல் உண்டு, அங்கிருந்து அமெரிக்காவுக்குப் போனது என்கிறார்கள். 1962இல் பூமியைச் சுற்றி வந்த அமெரிக்க விண்வெளி வீரர் ஜோன் கிளென், மின்னழுத்தம் திடீரென்று ஏறி இறங்குவதற்கு இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். கறண்ட் ஒரு குதி குதித்து பல்பு மினுங்குமே, அது.

தமிழில் கணினி எழுதுகிறவர்கள் பக்குக்கு ‘வழு’ என்கிறார்கள். திணை வழு, பால் வழு என்று நன்னூல் ஏழு வழுக்களைச் சொல்லும், பள்ளிக்கூடத்தில் பாடமாக்கி அடி வாங்கியிருப்பீர்கள். வழுவுதல் என்றாலே சறுக்குதல்தான், அதனால் அந்தச் சொல் பக்கை விடக் கிளிச்சுக்குத்தான் அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது. பக்குக்கு நான் சூத்தை என்று சொல்லிப் பார்த்தேன், தமிழ் வாத்தியார் ஒருவர் இன்னும் என்னோடு கதைப்பதில்லை.